பன்னிரண்டாவது சொல்

என்னிடம் வருகிறவர்கள் நிலத்தோடு வருவார்கள், இல்லாவிட்டால் சண்டையோடு வருவார்கள். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. கோலா சிலாங்கூரில் வக்கீல் தொழில் என்றால் அவ்வளவுதான். உயில், பெயர் மாற்றம், விவாகரத்து, செத்துப்போன அப்பாவின் வீட்டைப் பங்கு போட முடியாமல் என் மேசைக்கு எதிரே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணன் தம்பிகள். ஒரு கோப்பிக் கடையின் மாடியில் இருக்கிறது என் அலுவலகம். ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்கு உள்ளே வந்துவிடும் என்பதால் ஆண்டு முழுக்க மூடித்தான் வைத்திருப்பேன். கீழே வறுக்கும் மீன் வாசனை எப்படியோ மேலே வந்துவிடும். எனக்குக் கோபமும் அப்படித்தான், எந்தக் கதவை மூடினாலும் வந்துவிடும். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும், ஆனாலும் வருகிறார்கள்.

அந்த இரண்டு பேரும் சண்டை இல்லாமல் வந்தார்கள். அதுவே எனக்கு விசித்திரமாக இருந்தது.

ஒருவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். தோட்டத்து ஆட்களையும் கம்பம் என்கிற மலாய் கிராமத்து ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ரவாங் தொழிற்சாலைகளுக்குப் போகிற பஸ்களுக்கு முதலாளி. ஒரு காலத்தில் பல பஸ்கள் வைத்திருந்தார். ஒவ்வொன்றாக விற்று, கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. மற்றவர் அந்தக் கடைசி பஸ்ஸை ஓட்டுகிற பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர், இப்போது டவுனில் ஒரு வாடகை அறையில் தனியாக இருக்கிறார். அந்தப் பாதையில் ஏறி இறங்குகிற எல்லோருக்கும் அவர் பஸ் அக்கா. என்னைவிட இளையவர்தான், ஆனாலும் எனக்கும் அவர் அக்காவாகவே ஆகிவிட்டார்.

பெரியவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகனுக்கு பஸ்ஸைப் பார்த்தாலே தலைவலி. கிள்ளானில் இருந்து ஒரு கம்பெனி மொத்தப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தது. பஸ் யாரிடம் போகிறதோ, தொழிற்சாலையோடு செய்த ஒப்பந்தமும் அவரிடம் போகும். கிள்ளான்காரர்கள் வாங்கினால் ஓட்டுவதற்குத் தங்கள் ஆளையே வைத்துக்கொள்வார்கள். அக்கா வீட்டில் உட்கார வேண்டியதுதான். பல வருஷம் ஓட்டிய பெண்ணாயிற்றே என்று பெரியவர் முதலில் அவரைக் கேட்டார். அக்கா உடனே சரி என்றுவிட்டார். கையில் பாதிப் பணம்தான் இருந்தது.

மீதிக்கு பேங்க் கை விரித்துவிட்டது. பஸ் பழசு, அக்காவிடம் ஒழுங்கான சம்பளச் சீட்டும் கிடையாது. அதனால் மீதிப் பணத்தைப் பெரியவரே கடனாக வைத்துக்கொண்டு, இரண்டு வருஷத்தில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். வட்டி வேண்டாம் என்றார். வட்டி கேட்டிருந்தால் நானே அவரை வெளியே அனுப்பியிருப்பேன். லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுவது நம் நாட்டில் குற்றம். பாதி ஊர் அந்தக் குற்றத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம். ஆனால் கையில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று பெரியவர் எதிர்பார்த்தார். அதில் தப்பு சொல்ல முடியாது. அக்காவிடம் வீடு இல்லை, நிலம் இல்லை, போட்டுக்கொள்ள நகை இல்லை. தன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினார்.

அதில் இருந்தது டிஜிட்டல் நாணயம்.

அவர் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து வரும் தொழிற்சாலைப் பெண் ஒருத்தி சொல்லிக்கொடுத்தாளாம். ஓவர்டைம் பணத்தில் மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் போட்டிருக்கிறார். சில மாதம் ஐம்பது வெள்ளிக்கு, சில மாதம் அதுவும் இல்லை. விலை ஏறி ஏறி, இப்போது அது கடனைவிடக் கூடுதலாகவே நின்றது. “வித்துட்டுப் பணமாக் குடுத்துருங்களேன்” என்றேன். முடியாது என்றார். அது அவருடைய வயசான காலத்துக்காம். விற்றால் போச்சு, அடகு வைத்தால் திரும்பி வருமில்லையா என்று என்னையே கேட்டார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் சட்டம் படித்த காலத்தில் அடகு என்றால் நகை, வண்டி, பங்குப் பத்திரம். நம் ஒப்பந்தச் சட்டம் சொல்லுகிற அடகு, கடனுக்கு ஈடாக ஒரு பொருளை ஒப்படைப்பது. ஒப்படைப்பது என்றால் பொருள் கை மாற வேண்டும். இந்த நாணயத்தை எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு மாற்றுவது? அது ஒரு கைப்பேசிக்குள்ளும் இல்லை, எந்த பேங்கிலும் இல்லை. உலகத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் சேர்ந்து எழுதி வைத்திருக்கும் ஒரு பதிவில், இந்த விலாசத்தில் இவ்வளவு இருக்கிறது என்று ஒரு வரி. நம் நாட்டுச் சட்டம் அதைப் பணம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. பங்குகளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறது. வெளிநாடுகளில் சில இடங்களில் ‘கைவசம்’ என்ற சொல்லையே விட்டுவிட்டு, ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். யாரால் அதை நகர்த்த முடியுமோ, அவர் கையில் இருப்பதாகக் கணக்கு. இங்கே அந்த அளவுக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. கோலாலம்பூரில் பெரிய கம்பெனி வக்கீல்கள் இதற்கெல்லாம் தடி தடியாக ஒப்பந்தம் போடுவார்கள். என்னிடம் இருந்தது பங்குப் பத்திரத்தை ஈடு வைப்பதற்கான ஒரு பழைய மாதிரிப் படிவம்.

வேண்டாம் என்று இரண்டு பேரையும் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் கிள்ளான் கம்பெனி அந்த மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வேலைக்கு உத்தரவாதம் கேட்கும் முகம் இல்லை அது. அந்த பஸ்ஸின் கியர் எந்த மேட்டில் முனகும் என்பதுவரை தெரிந்து வைத்திருக்கிறவரின் முகம். அதில் முதலாளியாக உட்கார வேண்டும் என்ற ஆசை அவருக்கு வெளிப்படையாகவே இருந்தது. என் அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். வெட்டிய குலையில் ஒன்றுகூட அவருடையது இல்லை. சரி, செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த நாணயத்துக்குச் சாவி பன்னிரண்டு சொற்கள். பழம், ஆறு, ஜன்னல் என்கிற மாதிரி சாதாரண ஆங்கிலச் சொற்கள். அவற்றை வரிசை மாறாமல் எந்தக் கைப்பேசியில் போட்டாலும் கதவு திறந்துகொள்ளும், உள்ளே இருப்பதை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். எனக்கு இரண்டு வழி தெரிந்தது. நாணயத்தைப் பெரியவரின் விலாசத்துக்கு மாற்றிவிட்டு, கடன் முடிந்ததும் அவர் திருப்பி அனுப்புவது ஒன்று. சொற்களை மட்டும் எழுதி உறையில் போட்டுப் பெரியவரிடம் கொடுப்பது இன்னொன்று. முதல் வழியை அக்கா கேட்டதுமே தலையை ஆட்டி மறுத்தார்.

“அவரு பேருக்கு மாத்துனா அது வித்த மாதிரிதானே லாயரம்மா. அடகு இல்லையே.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். புத்தகங்கள் பத்துப் பக்கம் எழுதி விளக்குகிற வித்தியாசம் அது. உரிமையைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டால், வாங்கிக்கொண்டவர் நொடித்துப்போகும்போது அவருக்குக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நீயும் ஒருத்தியாக நிற்பாய். அடகு என்றால் பொருள் கடைசிவரை உன்னுடையதுதான். சரி, இரண்டாவது வழியே போகலாம் என்றேன். அதில் ஓர் ஓட்டை இருந்தது. சங்கிலியை அடகு வைத்தால் அது கடைக்காரர் பெட்டியில் இருக்கும், நம் கழுத்தில் இருக்காது. சொல்லைக் கொடுத்தாலோ அது கொடுத்தவரிடமும் இருக்கும். அக்கா தன் வீட்டில் உட்கார்ந்தபடியே அந்த நாணயத்தை நகர்த்திவிடலாம். அதற்காக, கடன் முடியும்வரை தொடமாட்டேன் என்று ஒரு உறுதிமொழி சேர்த்தேன். அந்த விலாசத்தை யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் பார்க்கலாம், தொடத்தான் முடியாது. பெரியவர் தினமும் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. நாணயத்தின் விலை மீதிக் கடனுக்குக் கீழே இறங்கினால், குறையை ஒரு வாரத்தில் அக்கா ரொக்கமாக ஈடுகட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெரியவர் உறையைத் திறந்து விற்றுக்கொள்ளலாம். அக்கா கொடுத்த உறுதியில் எதுவும் பொய் என்று தெரிந்தால், மொத்தக் கடனையும் உடனே கட்ட வேண்டும். கட்ட முடியாவிட்டால் பஸ் பெரியவருக்கே திரும்பிப் போகும்.

ஒப்பந்தங்களை நான் கட்சிக்காரர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவேன். ஆங்கிலத்தில் நீட்டினால் நம் ஆட்கள் படிக்காமல் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு எங்கே ஏமாந்தோம் என்றே தெரியாமல் ஊரெல்லாம் ஏமாந்துவிட்டதாகச் சொல்லித் திரிவார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் அன்றும் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். ஆங்கிலத்தில் இருந்த சொல்லுக்கு ஈடு என்று சொல்லலாம், பிணை என்று சொல்லலாம். அக்காவுக்குப் பளிச்சென்று விளங்கட்டும் என்று அடகு என்றே சொன்னேன். அந்தச் சொல் வந்த இடத்தில் எல்லாம் அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் அக்கா ஒட்டிய உறையைக் கொண்டுவந்தார். உள்ளே இருப்பதை நான் பார்க்கக்கூடாது, பார்த்தால் எனக்கும் சாவி தெரிந்துவிடும். அதனால் உறையின் மேல் மூவரும் கையெழுத்துப் போட்டோம், அவ்வளவுதான். எல்லாச் சொற்களும் இதில் உள்ளன என்ற வரியின் கீழும் அக்கா கையெழுத்துப் போட்டார். பெரியவர் கீழே கடையில் இருந்து தேத்தண்ணீர் வரவழைத்தார். மறுவாரமே பஸ்ஸின் கண்ணாடி ஓரத்தில் ஒரு புதுப் பிள்ளையார் வந்துவிட்டார்.

கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகத்தான் போனது. அக்கா மாதம் தவறாமல் கட்டினார். பெரியவரைச் சந்தையில் பார்க்கும்போதெல்லாம் கைப்பேசியை எடுத்துக் காட்டுவார். காலையில் எழுந்ததும் சாமி படத்துக்கு முன்னால் அந்த விலாசத்தைத்தான் பார்க்கிறாராம். இருக்கு லாயரம்மா, அப்படியே இருக்கு என்பார். தொட முடியாத பணத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன். பஸ்ஸை விற்ற பிறகு அவருக்குக் காலையில் செய்வதற்கு வேறு வேலையும் இல்லை.

பிறகு விலை விழுந்தது. எதற்கு விழுந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, தெரிந்தவர்களாகக் காட்டிக்கொள்கிறவர்களுக்கும் தெரியாது. ஒரு வாரத்தில் மளமளவென்று இறங்கி, மீதிக் கடனுக்குக் கீழே போய்விட்டது. பெரியவர் பதறிப்போய் என்னிடம் வந்தார். நான் முறைப்படி அக்காவுக்குக் கடிதம் அனுப்பினேன். அந்த நேரம் பார்த்து பஸ்ஸின் கியர் பெட்டி போய், மெக்கானிக் கடையில் கையிருப்பெல்லாம் கரைந்திருந்தது. தொழிற்சாலையும் நோன்புப் பெருநாளுக்கு மூடியிருந்ததால், பஸ்ஸுக்கு அவர்கள் கொடுக்கும் அந்த மாத வாடகையும் குறைவு. கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க என்று அக்கா போனில் சொன்னார். நானும் சொன்னேன். பெரியவர் பொறுத்த அந்த ஒரு வாரத்தில் விலை இன்னும் இறங்கியது.

வாரம் முடிந்த மறுநாள் காலை அவர் மகனோடு படியேறி வந்தார். முட்டி வலியோடு அத்தனை வேகமாக ஏறியதில் மூச்சு வாங்கியது. மேசை மேல் ஒரு தாளை வைத்து விரலால் குத்தினார். உறையைத் திறந்திருக்கிறார்கள், ஒப்பந்தப்படி அதற்கு உரிமை உண்டு. தாளில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, அழகான கையெழுத்தில் ஆங்கிலச் சொற்கள். பதினொன்று வரைக்கும் இருந்தது. பன்னிரண்டு என்ற எண்ணுக்கு எதிரே சொல் இல்லை. ஒரு மஞ்சள் கறை மட்டும் இருந்தது.

சமையல் கறை என்று நினைத்தேன். சாப்பிட்ட கையோடு எழுதி, கடைசிச் சொல்லை மறந்துவிட்டாரோ என்றும் தோன்றியது. பெரியவர் அப்படி நினைக்கத் தயாராக இல்லை. இவ்வளவு காலம் பூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன், சாவி சாவியே இல்லை என்றார். தன்னை ஏமாற்றிவிட்டாளாம். போலிஸ் ரிப்போர்ட் செய்யப்போகிறாராம். கிள்ளான் கம்பெனி இன்னும் பஸ்ஸைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, பஸ்ஸை வாங்கிக் கொடுங்கள் என்றார்.

அவர் கேட்டதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது. எல்லாச் சொற்களும் உள்ளன என்று அக்கா கையெழுத்துப் போட்டிருக்கிறார், அது பொய். அந்தக் கூண்டை வரி வரியாகக் கட்டியவள் நான்தான். பஸ் திரும்பிப் போக வேண்டும், அக்கா இதுவரை கட்டியதைத் திரும்ப வாங்க வருஷக்கணக்கில் இழுபட வேண்டும்.

மகன் அதுவரை பேசாமல் இருந்தவர், இதற்கு இவ்வளவு சத்தம் தேவையில்லை என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். “ஒரு வேர்ட்தான் ஆண்ட்டி மிஸ்ஸிங். அந்த லிஸ்ட்லயே ரெண்டாயிரம் வேர்ட்தான் இருக்கு. நான் ஒரு ப்ரோக்ராம் ஓட விட்டா பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிரலாம் லா.”

எனக்கு அது தெரியாது. அக்காவுக்கும் நிச்சயம் தெரிந்திருக்காது. பன்னிரண்டில் ஒன்றை மறைத்தால் கதவு திறக்காது என்று அவர் நம்பியிருப்பார். திறக்கத் தெரிந்தவனுக்கு அது வெறும் தாழ்ப்பாள். அப்படிக் கண்டுபிடித்துத் திறந்தால் அது சட்டப்படி சரியா என்று மகன் கேட்டார். கொடுத்த சாவியைப் போட்டுத் திறக்க உரிமை உண்டு. கொடுக்காத சாவியைச் செய்துகொள்ள உரிமை உண்டா என்று என் ஒப்பந்தத்தில் இல்லை, எந்தத் தீர்ப்பிலும் நான் படித்ததும் இல்லை. எனக்குத் தெரியாது என்று சொன்னேன். வக்கீல் வாயிலிருந்து அது வருவதைக் கேட்டுப் பெரியவர் கொஞ்சம் அடங்கினார். அக்காவைக் கேட்காமல் யாரும் எதையும் தொடக்கூடாது, சாயந்தரம் எல்லோரும் வாருங்கள் என்றேன்.

சாயந்தரம் அக்கா பகல் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு நேரே வந்தார். பஸ் கீழே கோப்பிக் கடைக்கு முன்னால் நின்றது. பெரியவரும் மகனும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. நான் அக்காவை உட்காரக்கூடச் சொல்லாமல் பிடித்துக்கொண்டேன். படித்துப் படித்துச் சொன்னேனே, ஒவ்வொரு வரியாக வாசித்தேனே, பொய்க் கையெழுத்துப் போட உங்களுக்கு எப்படி மனசு வந்தது, பஸ் போகப்போகிறது தெரியுமா என்று பொரிந்து தள்ளினேன். அவர் மேசையில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பயம் இருந்தது, ஆனால் திருட்டு முழி இல்லை.

“நீங்கதானே லாயரம்மா அடகுன்னு சொன்னீங்க” என்றார்.

ஆமாம், அதற்கென்ன என்றேன்.

“அடகு வெக்கிறப்ப தாலியக் கழட்டி எடுத்துக்கிட்டு, கொடியத்தானே குடுப்போம்? தாலிய யாரு குடுப்பா?”

நம் பெண்கள் எல்லோரும் செய்கிற வேலை அது. தாலிக்கொடியை அடகுக்கடைக்குக் கொண்டு போவதற்கு முன்னால், தாலியை மட்டும் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். கடைக்காரரும் கேட்கமாட்டார். கொடியின் எடைக்குத்தான் பணம், ஆனாலும் யாரும் அதை ஏமாற்று என்று சொன்னதில்லை. என் அம்மாகூடச் செய்திருக்கிறார். அப்படிக் கழற்றுவதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அடகு என்ற சொல்லுக்குள்ளேயே அந்த வழக்கமும் இருந்தது. அந்தச் சொல்லை அக்காவிடம் கொடுத்தவள் நான். முழுவதையும் கொடுத்துவிட்டதாக அவர் கையெழுத்துப் போட்டபோது, அவர் கணக்கில் முழுவதையும்தான் கொடுத்திருந்தார்.

இந்தக் கறை என்ன என்று கேட்டேன். வெறுமையாக விடக்கூடாது என்று மஞ்சளைக் குழைத்து வைத்தாராம்.

மகன் வாயைத் திறக்கப் போனார். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். அக்கா அவர் பக்கம் திரும்பி, கேட்கப்படாத ஒன்றுக்குப் பதில் சொன்னார். கல்யாணமான புதிதில் அவர் புருஷன் கொடியைக் கேட்டிருக்கிறார். தாலியைக் கழற்றிக்கொண்டு கொடுக்கிறேன் என்று இவர் மஞ்சள் கயிறு எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள், பீரோவில் இருந்ததைத் தாலியோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டார். குளிப்பதற்காகக் கழற்றி வைத்திருந்த நேரம். தவணை தாண்டி, கடை அதை ஏலத்தில் விட்டுவிட்டது. புருஷனும் அப்புறம் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் போனதுகூட இவருக்குப் பெரிதாகப் படவில்லையாம். தன்னுடையது என்று சொல்ல கழுத்தில் ஒரு நூல்கூட இல்லாமல் நின்ற அந்த நாளைத்தான் மறக்க முடியவில்லையாம்.

“அதுக்கப்புறம் எதையும் முழுசாக் குடுக்க மாட்டேன்னு வெச்சிருந்தேன் அண்ணே. உங்கள ஏமாத்தணும்னு இல்ல.”

கீழே யாரோ பஸ்ஸை நகர்த்தச் சொல்லி ஹாரன் அடித்தார்கள். அக்கா என் மேசையில் இருந்து பேனாவை எடுத்தார். பக்கத்தில் கிடந்த ஒரு துண்டுத் தாளில் ஏதோ எழுதினார். ஒரே சொல். ஒரு எழுத்தை அடித்துத் திரும்ப எழுதினார். அதைக் கவிழ்த்து வைத்து, பெரியவர் பக்கமாகத் தள்ளினார். எடுத்துக்கங்க, பஸ்ஸ மட்டும் எடுத்துறாதீங்க என்று அவர் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

சட்டத்தின்படி அந்த இடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அடகு இப்போதுதான் முழுமையானது. கடன் கொடுத்தவர் கையில் முழுக் கட்டுப்பாடும் வந்துவிட்டது. அந்தத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவருக்கு அறிவுரை சொல்ல வேண்டியது என் கடமை. நான் சொல்லவில்லை.

பெரியவர் அந்தத் துண்டுத் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. விரல் நுனியால் அதை அப்படியே அக்கா பக்கம் நகர்த்தினார்.

“தாலிய வாங்கி வெச்சிக்கிற ஆளு நான் இல்லம்மா” என்றார். “பஸ்ஸு உன்னோடதுதான். காலையில தோட்டத்து கேட்டுல ஆளுங்க நிப்பாங்க. போயி நேரத்தோட படு.”

அக்கா அழுதார். சத்தம் இல்லாமல், முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அதை மறைக்க நான் மகனைப் பார்த்து, கீழே போய் எல்லோருக்கும் தேத்தண்ணீர் சொல்லிவிட்டு வாருங்கள் என்று அதட்டினேன். கோலாலம்பூரில் யாரும் அவரை அப்படி விரட்டியிருக்க மாட்டார்கள். மறுபேச்சு இல்லாமல் எழுந்து போனார்.

புது ஒப்பந்தத்தை அந்த வாரமே எழுதினேன். விலை இறங்கியதால் விழுந்த குறையை அக்கா தொழிற்சாலை வாடகையில் இருந்து சிறுகச் சிறுகக் கட்டுவது என்று முடிவானது. நாணயத்தை விற்க வேண்டி வந்தால் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து, அவரவர் வைத்திருக்கும் சொற்களைப் போட்டுத்தான் விற்க வேண்டும். இப்படி எழுதிய அடகு நீதிமன்றத்தில் நிற்குமா என்று யாராவது கேட்டால், தெரியாது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். பெரியவருக்கும் அதை ஒளிக்காமல் சொன்னேன். பரவாயில்லை என்றார்.

வழக்கம்போலத் தமிழில் வாசித்துக் காட்டினேன். இதுவும் அடகுதானே என்று அக்கா கேட்டார். அடகுதான் என்றேன். கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். “பன்னிரண்டாவது சொல் கடன் வாங்கியவரிடமே இருக்கும். கடன் கொடுத்தவர் அதைக் கேட்க மாட்டார், தேடவும் மாட்டார்.” தேடவும் மாட்டார் என்பது நான் எழுதியது இல்லை. மகன் பக்கத்தில் இருக்கும்போதே பெரியவர் சேர்க்கச் சொன்னது.